விளிம்பை ஊன்றாதிருத்தல்

கடந்த இரண்டு ஞாயிறுகளிலும் நான் பிரசங்க மேடைக்கு ஒரு காலைத் தாங்கி நடந்து வந்ததைக் கண்டு, உங்களில் பலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. ஐம்பத்திரண்டு வயதில், பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு ரெயில்மேல் சறுக்கப் பழகச் சென்ற இடத்தில் விழுந்தேன். ஏன் அங்கு சென்றேன் என்பதை, என் மகனின் அனுமதியோடு, உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

டிசம்பரில் எங்கள் இருவருக்கும் ஒரு வாக்குவாதம் உண்டாயிற்று. ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்துக்கு வராமல் சறுக்கு மலைக்குப் போக அவன் விரும்பினான். நான் மறுத்தேன். "அந்த இரும்புக் குழாயில் என்ன இருக்கிறது?" என்றும் கேட்டுவிட்டேன். "நீங்கள் ஒருநாளும் வந்து பார்த்ததில்லையே அப்பா" என்றான் அவன். அதன்பின் இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்தவை "ஓம்", "இல்லை" என்னும் இரண்டு சொற்களே. பதினாறு வயதுப் பிள்ளையின் மௌனம் எத்தனை பாரமானது என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, "என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று அவனிடம் கேட்டேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணம். வழியில் அவன் ஒரு செய்தி சொன்னான். ரெயில்களும் பனிமேடுகளும் அமைந்த சரிவில் இறங்கும் ஸ்லோப்ஸ்டைல் என்னும் பனிச்சறுக்குப் போட்டி 2014இல் சோச்சியில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றதாம். பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற டாரா ஹவல் நம் ஒன்ராறியோவின் ஹன்ட்ஸ்வில்லைச் சேர்ந்தவராம். இரண்டு மாதங்களில் அவன் என்னோடு பேசிய மிக நீண்ட பேச்சு அதுவே.

நான் முன்னரே எளிய சரிவுகளில் இறங்கப் பழகியிருந்தேன். ஆகவே அவன் என்னை நேரே டெரெய்ன் பார்க் எனப்படும் பகுதிக்கு அழைத்துச் சென்றான். அங்கே மிகச் சிறியதாக, பனியோடு பனியாகத் தாழ்வாகப் பதித்திருந்த ஒரு பாக்ஸைக் காட்டினான். ரெயில் என்பது படிக்கட்டுக் கைப்பிடி போன்ற ஒடுங்கிய உலோகம்; பாக்ஸ் அதனினும் அகலமானது, மேலே வழுவழுப்பான பிளாஸ்டிக் பரப்புடையது. தொடங்குகிறவர்கள் பாக்ஸில்தான் தொடங்கவேண்டும். முதலில் பலகைகளை நேராக வைத்தபடியே அதைக் கடந்தேன். அது எளிதாயிருந்தது. இரண்டாவது பாடம், சிறிதாகத் துள்ளி, இரு பலகைகளையும் குறுக்காகத் திருப்பி, பக்கவாட்டில் சறுக்குவது.

அன்பானவர்களே, இங்கேதான் நான் கற்றுக்கொண்டது தொடங்குகிறது. பனியில் நம்மைக் காப்பது பலகையின் எஃகு விளிம்பு. வேகம் மிஞ்சினால் விளிம்பை ஊன்றுகிறோம், பனி அதைப் பற்றிக்கொள்கிறது, நாம் நிற்கிறோம். பாக்ஸிலோ விளிம்புக்குப் பிடிமானம் இல்லை. அங்கே பலகைகள் தட்டையாக இருக்கவேண்டும்; இரு பாதங்களிலும் பாரம் சமமாக இருக்கவேண்டும்; முழங்கால்கள் மடங்கியிருக்கவேண்டும். அச்சத்தில் உடலைப் பின்னே சாய்த்து விளிம்பை ஊன்றினால், பலகைகள் முன்னே பாய்ந்துவிடும். உடல் பின்னே தங்கிவிடும். நான் செய்தது அதுவே. இடுப்பு பாக்ஸின் ஓரத்தில் மோதிற்று. பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சலாகாதபடி, மகன் என்னைக் கைத்தாங்கலாக விரைந்து விலக்கினான்.

மறுமுறை வேகத்தைக் குறைத்துச் சென்றேன், மறுபடியும் விழுந்தேன். "மெதுவாப் போனா இன்னும் தள்ளாடும், அப்பா. காலைப் பார்க்காதேங்கோ. பாக்ஸ் முடியிற இடத்தைப் பாருங்கோ" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. நான் அவனுக்குச் சைக்கிள் பழக்கிய நாளில் அத்தனை பொறுமை என்னிடம் இருந்ததா என்று எண்ணிப்பார்த்தேன். இருக்கவில்லை.

ஏழாம் முறை, பாக்ஸின் முடிவில் கண்களை வைத்தேன். துள்ளித் திரும்பினேன். ஊன்ற விரும்பிய கால்களை ஊன்றவிடாமல் சும்மா நின்றேன். பிளாஸ்டிக் பரப்பு காலடியில் உரசும் ஓசை கேட்டது. அடுத்த கணம் மீண்டும் பனியில் இருந்தேன். மேலேயிருந்து அவன் கூவிய கூவலை நான் மறக்கமாட்டேன்.

அன்றிரவு இடுப்பில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கையில் ஒன்று தெளிவாயிற்று. இரண்டு மாதங்களாக அல்ல, சில ஆண்டுகளாகவே, என் மகனிடம் நான் விளிம்பை ஊன்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் ஒன்றைச் சொல்லத் தொடங்குமுன் திருத்தினேன், ஆசைப்பட்டால் நிறுத்தினேன். அவன் பெற்ற மதிப்பெண்ணையும் வீடு திரும்பும் நேரத்தையும் பார்த்தேன். அவன் எவ்விடம் நோக்கிப் போகிறான் என்று தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. இதை எச்சரிக்கை என்றும் பொறுப்பு என்றும் அழைத்தேன். உண்மையில் அது அச்சம்.

விளிம்பு தீயதென்று நான் சொல்லவில்லை. ரெயிலை அணுகுமுன்னும், அதைவிட்டு இறங்கியபின்னும் அது வேண்டும். நாலு வயதுக் குழந்தை தெருவை நோக்கி ஓடும்போது விளிம்பை ஊன்றத்தான் வேண்டும். ஆனால் நாம் இப்பொழுது எந்தப் பரப்பின்மேல் நிற்கிறோம் என்று அறிவதே ஞானம். வளர்ந்த பிள்ளையோடு பேசும் நேரம் ஒடுங்கிய, வழுவழுப்பான பரப்பு. அங்கே பின்வாங்கிச் சாய்கிறவன் விழுகிறான். சமமாக நின்று முன்னோக்குகிறவன் கடந்துபோகிறான்.

திரும்பும் வழியில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உனக்கு இதில் என்ன பிடித்திருக்கிறது?" பிறகு வாய்திறவாமல் இருந்தேன். அது பாக்ஸைவிடக் கடினமாயிருந்தது. நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போனபின் அவன் பேசத் தொடங்கினான். சொன்னவை அவனுக்கும் எனக்கும் உரியவை, இங்கே எழுதேன். வாலிபர் கூட்டத்தைப்பற்றிய எங்கள் கருத்துவேறுபாடு இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது அதைப்பற்றிப் பேசுகிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் அடைபட்ட அறைக்கதவு ஒன்று இருக்கலாம். இந்த வாரம் ஒரு கேள்வியோடு அந்தக் கதவைத் தட்டுங்கள். பதில் வரும்வரை விளிம்பை ஊன்றாமல் நில்லுங்கள். விழுந்தால் எழும்புங்கள். நான் ஆறுமுறை விழுந்தேன்.