மூன்று வட்டுகள்

எங்கள் புந்தோங் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், வீட்டு கிரான், அப்பாவின் இ.பி.எப். கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய இறப்புப் பத்திரமும் அதில் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் மூன்று வட்டுகள். உறையின் மேல் அப்பாவின் கையெழுத்து: "கம்ப்யூட்டர் சாமான். வீசக் கூடாது."

2006-இல் அப்பா வாங்கிய மடிக்கணினியோடு வந்த மீட்பு வட்டுகள் அவை. நான் அப்போது படிவம் மூன்று. பள்ளிக்கூடத்தில் கிராணியாக வேலை செய்த அப்பா, மாதத் தவணையில் அதை வாங்கினார். முதல் நாள் எங்களை எல்லாம் உட்கார வைத்துத் திறந்து காட்டினார். நீல வானமும் பச்சைக் குன்றுமாக ஒரு படம் வந்தது. "கேமரன் மலையா?" என்று அம்மா கேட்டார். அது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1996-இல் எடுத்த புகைப்படம் என்று நான் பல வருடம் கழித்துதான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு இன்றும் அது கேமரன் மலைதான்.

அம்மா வீட்டிலேயே முறுக்கும் கச்சான் பூத்தேயும் செய்து விற்கிறார். புந்தோங்கில் இது புதிதல்ல. 1973-இல் குனோங் சீரோவில் பாறை சரிந்து வீடுகளை நசுக்கிய பிறகு, அங்கிருந்த கச்சான் பூத்தே குடும்பங்கள் இங்கேதான் வந்தன. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அம்மாவுக்கு ஆர்டர் குவியும். யாருக்கு எத்தனை கிலோ, யார் முன்பணம் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அந்த மடிக்கணினியில், வேர்ட்பேட்டில்தான் எழுதி வைப்பார். அப்பா சொல்லிக் கொடுத்தது. நான் வாங்கித் தந்த புது டேப்லெட், பூப்போட்ட துணி போர்த்தியபடி டிவி பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

போன தீபாவளிக்கு முன் ஒரு நாள் அம்மா போன் செய்தார். "பாப்பா, அப்பா கம்ப்யூட்டர் கறுப்பா ஆயிருச்சு. வெள்ளை எழுத்தா வருது."

பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறார். "இதைப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார்களாம். "எனக்குப் புதுசு வேணாம். பச்சை பட்டன் வந்தாப் போதும்" என்றார் அம்மா. விண்டோஸ் எக்ஸ்பியின் 'ஸ்டார்ட்' பொத்தானைத்தான் அப்படிச் சொல்வார்.

பெட்டாலிங் ஜெயாவில் கணினித் துறையில்தான் எனக்கு வேலை. எனக்கு இதெல்லாம் ஒரு மணி நேர விஷயம் என்று நினைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் ஈப்போ வந்து சேர்ந்தேன். பசியாறிய கையோடு டின்னைத் திறந்து முதல் வட்டைப் போட்டேன். ஒரு எச்சரிக்கை வந்தது: வன்தட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? இது வழக்கமாக வருவதுதான். நான் விசையில் விரலை வைத்துவிட்டேன்.

அடுப்படியில் இருந்து அம்மா கேட்டார்: "அப்பா எழுதினது எல்லாம் அப்படியே இருக்கும்ல?"

"என்னம்மா எழுதினாரு? பில்லுதான் இருக்கும்."

"தோட்டத்து ஆளுங்க பேரு. ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதினாரே."

விரலை எடுத்துவிட்டேன். கணினியை அணைத்தேன். கை லேசாக நடுங்கியது.

மீட்பு வட்டு என்ற பெயரைக் கேட்டால், இழந்ததை மீட்டுத் தரும் என்றுதான் தோன்றும். அது மீட்பது இயந்திரத்தை மட்டும். தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிடும். அதற்குப் பிறகு நாம் அதில் வாழ்ந்ததெல்லாம் அதற்குக் குப்பை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பத்து முறை சொல்லியிருக்கிறேன். அப்பாவின் கணினியில் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்புதான் என்னை ஏமாற்றியது.

அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றி வன்தட்டை வெளியே எடுத்தேன். யூ.எஸ்.பி. இணைப்பான் வழியாக என் கணினியில் மாட்டினேன். வன்தட்டு கிழண்டு போயிருந்தது. ஒரு கோப்பை நகலெடுக்கவே சில சமயம் பல நிமிடம் ஆனது. மாலைக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. 'தோட்டம்' என்ற கோப்பைத் திறந்தால் அதில் தமிழே இல்லை. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் மேற்கோள் குறிகளும்தான் பக்கம் பக்கமாக.

இதற்குக் காரணம் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு ஒரே குறியீட்டு முறை இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, பிறகு 'முரசு அஞ்சல்' என்று பல வீடுகளுக்கும் பத்திரிகைகளுக்கும் தமிழைக் கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் பலரும் தட்டச்சு செய்தது 'தஸ்கி' என்ற குறியீட்டில். அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இப்படித்தான் தெரியும். நல்ல வேளையாக, பழைய வன்தட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்த எழுத்துருக் கோப்புறை பிழைத்திருந்தது. அப்பா பயன்படுத்திய எழுத்துருவை எடுத்து என் கணினியில் நிறுவிக் கோப்பை மறுபடி திறந்தேன்.

எண்பத்து மூன்று குடும்பங்கள் வரிசையாக இருந்தன. சுங்கை சிப்புட் பக்கம் அப்பா பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் எந்த லயத்தில் எந்த வீடு, குடும்பத் தலைவர் பெயர், தோட்டம் கைமாறிய பிறகு எங்கே போனார்கள் என்று எல்லாம் இருந்தது. புந்தோங், மெங்லெம்பு, கிள்ளான், சிங்கப்பூர். தொலைபேசி எண். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். "மூத்த மகள் டீச்சர்." "பால்காட்டில் பாம்பு கடித்துப் பிழைத்தவர்." ஒரு பெயருக்கு நேராக, "40 வெள்ளி தரணும். கேட்க வேண்டாம்."

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் எல்லாருக்கும் தகவல் சொல்வது அப்பாதான். அவர் போன பிறகு யாரும் சொல்லவில்லை. போன ஆண்டு ஒரு பாட்டி இறந்த செய்தியே அவருடைய பழைய பக்கத்து வீட்டாருக்குப் போகவில்லை. அந்தப் பட்டியலைத்தான் நான் ஒரு விசையில் அழிக்கப் பார்த்தேன்.

மறுநாள் புது வன்தட்டு வாங்கி மாட்டினேன். வட்டுகளின் அருமை அப்போதுதான் புரிந்தது. பிற்காலத்துக் கணினிகளில் மீட்புக் கோப்புகள் வன்தட்டிலேயே ஒரு மறைவுப் பகுதியில் இருக்கும். வன்தட்டு செத்தால் அதுவும் சேர்ந்து சாகும். வட்டு தனியாக இருந்ததால் புது வன்தட்டிலும் போட முடிந்தது. அந்த மாதிரிக் கணினிக்கு வேண்டிய ஒலி, திரை, வைஃபை இயக்கிகளும் அதிலேயே இருந்தன.

இரண்டாவது வட்டில் பாதியில் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் பூஞ்சைபோல் ஒரு படலம். மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் சுருள் வழியில் பதிந்திருக்கிறது. குறுக்கே விழும் கீறலை வட்டின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். சுருளோடு சேர்ந்து விழும் நீளக் கீறலைச் சமாளிப்பது கடினம். மூன்றாம் முயற்சியில் வட்டு ஓடியது.

சாயங்காலம் அந்தப் பழைய இசை கேட்டது. அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையைக் கழுவாமலே ஓடி வந்தார். நீல வானம், பச்சைக் குன்று, பச்சை பட்டன். அப்பா வைத்திருந்த முருகன் படம் மட்டும் இல்லை. இது அப்பா தொடுவதற்கு முந்தைய கணினி. அம்மாவும் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. முருகன் படத்தை நகலில் இருந்து எடுத்துத் திரும்ப வைத்தேன்.

அந்தக் கணினியில் இணையத்தை இணைக்கவில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கணக்கு எழுத இணையம் தேவையும் இல்லை. மூன்று வட்டுகளையும் நகலெடுத்து ஒரு விரலியில் போட்டு அதே டின்னில் வைத்தேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நம்மில் பலர் வீட்டில் பழைய மடிக்கணினியை மாற்றவோ அழித்து மறுபடி நிறுவவோ நேரம் வந்திருக்கும். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். நமக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கலாம்.

பட்டியலை அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தேன். கணினி முதல்முறை திறந்தபோது பயனர் பெயர் கேட்டதையும் சொல்ல வேண்டும். "யார் பேரும்மா போடணும்? அப்பா பேரா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"என் பேரு போடு" என்றார். "இனிமே நான்தானே எல்லாருக்கும் போன் பண்ணணும்."