சங்ககிரி சுவரில் என் பேரு!

என் பேரை நானே அழிக்கணும்னு சங்ககிரி மலை ஏறினேன். பையில் ரெண்டு தண்ணி பாட்டில், ஒரு கம்பி பிரஷ். 'லீவு நாள்ல வேற வேலையே இல்லையா மாப்ள?'னு கூட வந்த ஃப்ரெண்டு வழியெல்லாம் புலம்பிட்டே வந்தான்.

விஷயம் இதுதாங்க. ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் டூர். எல்லாரும் கோட்டையைச் சுத்திப் பார்க்க, நான் மட்டும் ஒரு ஆணியால பழைய கட்டடச் சுவத்துல என் பேரையும் வருஷத்தையும் ஆழமா கீறி, பசங்ககிட்ட கைதட்டு வாங்கினேன். இப்போ வயசு இருபது. சிவில் மூணாவது வருஷம். செமினாருக்காக, பழைய சின்னங்களைப் பாதுகாக்கிற 1958-ம் வருஷத்துச் சட்டத்தைப் புரட்டினேன். சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. இது 2010-ல வந்த திருத்தம். வயித்தைக் கலக்கிடுச்சு!

சேலம் - ஈரோடு பஸ்ல போறவங்க ஜன்னல் வழியா இந்த மலையைப் பார்த்திருப்பீங்க. நாமக்கல் கோட்டை மாதிரி ஒரே மூச்சுல ஏறிடலாம்னு நினைச்சா, முழங்கால் பதில் சொல்லும். மதில், வாசல், திரும்பவும் மதில்னு அடுக்கடுக்கா போகும். விஜயநகர ஆட்சியில 15-ம் நூற்றாண்டுல கட்டினது. அப்புறம் ஹைதர், திப்பு கையில இருந்து, 1792 ஒப்பந்தத்துல சேலம் சீமையோட வெள்ளைக்காரங்க கைக்குப் போச்சு. 1805-ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டது இங்கேதான். ஒவ்வொரு ஆடிப் பெருக்குக்கும் அவருக்கு மாலை போடுறோம். அந்தக் கோட்டையிலதான் நான் ஆணியைத் தூக்கியிருக்கேன்!

மேல போய்த் தேடினா, என் பேரு அப்படியே இருக்கு. பிரஷ்ஷை எடுத்தேன்.

"கண்ணு, அதைத் தேய்க்காதீங்க!"

மலைமேல இருக்கிற பெருமாளைக் கும்பிட வந்த ஒரு பெரியவர். நாப்பது வருஷமா கொத்தனாராம். "பேரு மட்டும் போகாது, பூச்சே பேந்து வந்துரும்" என்றார்.

"அப்போ சிமென்ட் வெச்சு அடைச்சுடலாமுங்களா?"

சிரிச்சுட்டார். "அது இதைவிட மோசமுங்க கண்ணு."

அங்கேயே உட்கார்ந்து பாடம் எடுத்தார். அந்தக் காலத்துல சுண்ணாம்பை நாள்கணக்கா ஊற வெச்சு, அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைச் சேர்ப்பாங்களாம். அது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெதுவா இறுகும். உள்ள இறங்கின ஈரத்தை வெளியேயும் விடும். சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். உப்பு பூத்து, பக்கத்துல இருக்கிற பழைய பூச்சையும் உடைச்சுடும். நாம இப்போ பயன்படுத்துற போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினதே 1824-லதான். மலைக்குக் கீழே சிமென்ட்டுக்குப் பேர்போன ஊர், மேலே சிமென்ட்டையே அறியாத கோட்டை!

ஆணியால கீற எனக்கு ரெண்டே நிமிஷம் ஆச்சு. அதைச் சரிபண்ண, பழைய பூச்சுல என்னென்ன கலந்திருக்குன்னு சோதிக்கணும், அதே மாதிரி கலவை தயார் பண்ணணும், கை பழகின கொத்தனார் வேணும். அதையும் மத்திய தொல்லியல் துறைதான் செய்யணும். நானா தேய்ச்சிருந்தா, அதுவும் சேதம்தான்!

பிரஷ்ஷைப் பைக்குள்ள போட்டுட்டு இறங்கினேன். ஃப்ரெண்டு இப்போ கிண்டல் பண்ணலை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குச் சுண்ணாம்புக் கலவையையே எடுக்கலாம்னு அவன்தான் முதல்ல சொன்னான். பெரியவர் ஃபோன் நம்பரையும் வாங்கிட்டோம்.

நீங்க சங்ககிரி போனா, என் பேரு கண்ணுல படலாம். தாராளமா திட்டிக்குங்க பாஸ். பக்கத்துல உங்க பேரை மட்டும் எழுதிடாதீங்க!