ஃப்ரீசருக்குள் பிரிந்த கலவை



இன்று கொஞ்சம் வேதியியல். அக்கா, மச்சான் எல்லாரும் பயப்பட வேண்டாம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி சங்கதிதான்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் இரவு பத்தரை மணிக்குக் கூப்பிட்டான். பெயர் வேண்டாம். மருந்துக் கம்பெனியில் க்யூ.சி. வேலை, சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "சார், டேட்டாவுல கை வெச்சியான்னு கேக்கறாங்க சார்" என்றான். குரலே சரியில்லை. முந்தின நாள் சரியாக இருந்த அதே பேட்ச் மாத்திரை, மறுநாள் எச்.பி.எல்.சி.யில் மருந்தின் அளவு குறைவாகக் காட்டியிருக்கிறது. வீட்டில் அவன் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

ஸ்டாண்டர்டை எதில் கரைத்தாய், எங்கே வைத்தாய் என்று கேட்டேன். பாதி தண்ணீர், பாதி அசிட்டோநைட்ரைல்; கெடாமல் இருக்கட்டும் என்று ராத்திரி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைத்தானாம். காலையில் எடுத்து, உருகியதும் மேலாகப் பிப்பெட்டில் எடுத்திருக்கிறான். குலுக்கினாயா என்றேன். சத்தமே இல்லை.

இந்த இரண்டும் சாதாரண வெப்பத்தில் எந்த விகிதத்திலும் கலக்கும். ஆனால் மனசார இல்லை! கலக்கும்போது பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வெளியிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டுதான் கலக்கின்றன. தண்ணீர் கொடுக்கும் ஹைட்ரஜன் பிணைப்பை அசிட்டோநைட்ரைல் வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்க அதனிடம் தகுந்த ஹைட்ரஜன் இல்லை. மூலக்கூறுகளின் ஓட்டம்தான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. குளிரில் அந்த ஓட்டம் குறைகிறது, தண்ணீர் தன் இனத்தோடு ஒதுங்குகிறது. சுமார் மைனஸ் 1 டிகிரிக்குக் கீழே போனால் இரண்டு அடுக்கு. லேசான அசிட்டோநைட்ரைல் மேலே, தண்ணீர் கீழே. இன்னும் குளிர்ந்தால் கீழ் அடுக்கில் பனிக்கட்டி கட்டும்.

தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத மருந்து எங்கே போகும்? மேல் அடுக்குக்குத்தான். வெளியே எடுத்து உருகினாலும், குலுக்காதவரை அடுக்குகள் உடனே ஒன்றாகிவிடாது. பார்க்கத் தெளிவாக இருக்கும், அதுதான் ஆபத்து. அவன் மேலாக எடுத்ததில் மருந்து அதிகம். ஸ்டாண்டர்டு கூடினால், அதோடு ஒப்பிடும் மாத்திரை குறைவாகத்தானே தெரியும்?

மறுநாள் மேலதிகாரி முன்னாலேயே அதே பாட்டிலை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, நன்றாகக் குலுக்கி ஓட்டியிருக்கிறார்கள். புதிதாகக் கரைத்த ஸ்டாண்டர்டோடு ஒத்துப்போனது. விசாரணை அறிக்கையில் காரணம் பதிவாகி, சந்தேகம் நீங்கியது. சாயந்திரம் அவன் அம்மா போனில் பேசினார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. பையன் சாப்பிட்டான் என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் மெத்தனால் போடலாமா என்று அவனே பிறகு கேட்டான். நல்ல கேள்வி. மெத்தனாலிடம் ஓ.ஹெச். உண்டு, கொடுக்கவும் தெரியும் வாங்கவும் தெரியும். தண்ணீரோடு சேர்ந்தால் வெப்பம் வரும், எவ்வளவு குளிரிலும் இரண்டு திரவ அடுக்காகப் பிரியாது. புரதங்களில் டியூட்டீரிய ஆய்வு செய்பவர்கள், ஏறிய டியூட்டீரியம் நழுவிவிடாமல் இருக்கக் காலத்தை 0 டிகிரியில் வைப்பார்கள். அதற்கும் கீழே போக வேண்டுமானால் மெத்தனால் மாதிரி ஒன்றைத்தான் நாடுகிறார்கள்.

ஆனால் அதற்கு வேறு விலை உண்டு. 25 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 0.9 சென்டிபாய்ஸ், மெத்தனால் 0.55. பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 1.6! இரண்டையும் விடக் கெட்டி. 0 டிகிரியில் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும், பம்ப் அழுத்தமும் அதே அளவு ஏறும். ஓட்டத்தைக் குறைக்காமல் காலத்தைக் குளிரவைத்தால் பம்ப் நின்றுவிடும், பிறகு சர்வீஸ் என்ஜினியருக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

லேபில் இருக்கும் பிள்ளைகள், ஃப்ரீசரில் இப்படிப் பிரிந்ததைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.