கயிற்றில் இணைந்தோர்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, அவற்றுள் முன்பனி, பின்பனி என இரண்டினைப் பனிக்கு உரியனவாக்கினர். அப்பனி புல்நுனியில் துளியாக நின்று, கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடுவது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பொழியும் வெண்பனியோ வேறு இயல்பினது. அது பஞ்சுபோல் இறங்கி, ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகத் தங்கி, தன் எடையாலேயே இறுகிப் பனியாறாகி மெல்ல நகர்கிறது. அதன்மேல் நடப்பதற்குக் கால்வலிமை மட்டும் போதாது. உடன் நடப்பவர்மீது நம்பிக்கையும் வேண்டும்.

பனியாறு நகரும்போது அதில் ஆழ்ந்த பிளவுகள் தோன்றுகின்றன. புதிதாகப் பொழியும் பனி அப்பிளவுகளின் வாயை மெல்லிய கூரைபோல் மூடிவிடும். மேலிருந்து காண்போர்க்கு அது சமவெளியாகவே தோன்றும். ஆகவே, மலையேறுவோர் போதிய இடைவெளி விட்டு ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்வர். ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர் தாங்குவர். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால், விடியுமுன்பே விளக்கேந்திப் புறப்படுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய கயிறொன்றில் மூவரும் ஒரு நாயும் இணைந்தனர். மெட்டா பிரவூர்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஒருவர். அவர் வளர்த்த, அவருடைய உடன்பிறந்தாளின் மகனான வில்லியம் கூலிட்ஜ் மற்றொருவர். மூன்றாமவர், சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட் என்னும் ஊரைச் சேர்ந்த மலைவழிகாட்டி கிறிஸ்டியன் ஆல்மர்.

நாயின் பெயர் சிங்கெல். 1865ஆம் ஆண்டில் ஆல்மரோடு சிங்கெல் கணவாயைக் கடந்ததனால் அப்பெயரே அதற்கு அமைந்தது. 1868ஆம் ஆண்டில் பதினேழு வயது இளைஞராயிருந்த கூலிட்ஜ், ஐகர் சிகரத்தில் ஏற முயன்று தோல்வியுற்றுத் திரும்பினார். உடல்நலம் குன்றியிருந்த அவ்விளைஞரின் வாட்டத்தைக் கண்ட ஆல்மர், தம் நாயையே அவருக்குப் பரிசாக அளித்தார். சொல்லால் ஆற்ற இயலாத துயரத்தை ஒரு துணையைத் தந்து ஆற்றிய அச்செயல், மலைமக்களின் உள்ளத்தை உணர்த்துகிறது.

அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கெல் அவர்களோடு நடந்தது. அதன் வாழ்நாளில் அது கடந்த பெரிய சிகரங்களும் கணவாய்களும் 66 எனக் கணக்கிட்டுள்ளனர். நாயின் பாதத்தில் குருதிநாளங்கள் நெருங்கி அமைந்திருப்பதால், உடலிலிருந்து வரும் வெப்பக் குருதி, பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த குருதிக்கு வெப்பமூட்டுகிறது. ஆயினும், விரலிடுக்கில் உறையும் பனிக்கட்டியும் கூரிய பாறையும் அதன் பாதங்களைப் புண்படுத்தும். அதனால் சிங்கெலுக்குத் தோலால் காலணிகள் செய்து அணிவித்தனர். அதுவோ அவற்றை உதறி எறிந்துவிட்டது. ஆபத்தான இடங்களில் அதன் கழுத்துப்பட்டையிலும் கயிறு கோத்தனர். கயிற்றில் கட்டுண்டபின் அதுவும் அக்குழுவில் ஓர் ஆளாயிற்று. 1875ஆம் ஆண்டில் ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளாங்க் சிகரத்தை அது அடைந்து திரும்பியபோது, அடிவாரத்து ஷாமொனி நகரத்தார் பீரங்கி முழக்கி வரவேற்றனர் என்பர்.

மெட்டா பிரவூர்ட்டின் ஆற்றலும் சிறிதன்று. 1870ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மேஜ் மலையின் நடுச்சிகரத்தில் முதன்முதல் ஏறிய குழுவில் அவர் இருந்தார். 1874ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடுங்குளிரில், வெட்டர்ஹார்ன், யுங்ஃப்ராவ் ஆகிய சிகரங்களில் ஏறி, அவற்றைக் குளிர்காலத்தில் முதன்முதல் வென்ற குழுவிலும் அவர் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

ஆயினும், 1857ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய ஆல்பைன் மன்றம் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. கூலிட்ஜுக்கு அதன் கதவு திறந்தது. அவரை வளர்த்து மலைக்கு அழைத்து வந்தவருக்குத் திறக்கவில்லை. 1871ஆம் ஆண்டில் பீட்ஷ்ஹார்ன் மலையில் ஏறி, அங்கேயே ஓர் இரவைக் கழிக்க நேர்ந்த பட்டறிவை மெட்டா எழுதினார். அக்கட்டுரை அம்மன்றத்தின் இதழில் கூலிட்ஜின் பெயரிலேயே வெளிவந்தது. சிங்கெலை அம்மன்றத்தின் மதிப்புறு உறுப்பினராக வேடிக்கையாய்ப் போற்றினர் என்றொரு செய்தியும் மலையேறுவோரிடையே வழங்குகிறது.

மகாபாரதத்தின் இறுதியில் தருமன் இமயம் நோக்கி நடக்கிறான். திரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ, பின்தொடர்ந்த நாய் மட்டும் எஞ்சுகிறது. நாய்க்குத் துறக்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். நம்பி வந்ததைக் கைவிட்டுத் துறக்கம் புகேன் எனத் தருமன் வாயிலிலேயே நின்றுவிடுகிறான். ஆல்ப்ஸ் மலையின் கதையிலோ நிலைமை தலைகீழாயிற்று. அங்கு நாய்க்கு வேடிக்கைக்கேனும் இடம் கிடைத்தது. அதனோடு நடந்த பெண்ணுக்கு இல்லை. பனிப்பிளவின் விளிம்பில் ஒருவர் உயிரை மற்றவரிடம் ஒப்படைத்த அதே மனிதர்கள், சமவெளிக்கு இறங்கியதும் பழைய வேலிகளுக்குள் புகுந்துகொண்டனர்.

மெட்டா 1876ஆம் ஆண்டில் மறைந்தார். சிங்கெல் 1879ஆம் ஆண்டில், அடுப்படியின் கணப்பருகே உறங்கியவாறே உயிர் நீத்தது. ஆல்மர் 1896ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில், திருமணப் பொன்விழாவை மனைவியோடு வெட்டர்ஹார்னில் ஏறிக் கொண்டாடினார். பெண்கள் தமக்கெனத் தனியாக மகளிர் ஆல்பைன் மன்றத்தை 1907ஆம் ஆண்டில் நிறுவினர். அது பழைய மன்றத்தோடு ஒன்றாக இணைந்தது 1975ஆம் ஆண்டில்தான். மெட்டாவின் குளிர்கால வெற்றிக்கும் அந்த இணைப்புக்கும் இடையே நூறாண்டுகள் கடந்திருந்தன.

மன்றத்தின் ஏட்டில் இடம்பெறாத அவரது பெயர் நிலப்படத்தில் நிலைத்துவிட்டது. பிரான்சு நாட்டின் கிராண்ட் ரூயின் மலையில், 1873ஆம் ஆண்டில் அவர் இருந்த குழுவினர் முதன்முதல் ஏறிய உச்சி, இன்றும் பிரவூர்ட் முனை என்றே வழங்குகிறது. அங்கு ஏறுவோர் இன்றும் விடியுமுன் எழுந்து, ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்கின்றனர். முன்னால் செல்பவர் ஆணா பெண்ணா என்பதை விழுகின்றவர் எண்ணுவதில்லை; கயிற்றின் மறுமுனை உறுதியாக இருக்கிறதா என்பதையே எண்ணுகிறார்.