செட்டிகுளத்து வயலில் ஒரு கணக்கு

வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், ஊர்ப் பெயர்களைக் கொண்டே வன்னி நாட்டின் இயல்பை அறிந்துகொள்ளலாம். நெளுக்குளம், பூவரசன்குளம், செட்டிகுளம் என்று பாதை குளங்குளமாகவே நீளுகின்றது. புகையிரத மார்க்கமாகவும் இவ்வூருக்கு வரலாம். போரினால் 1990 இல் நின்றுபோன மன்னார்ப் பாதை, 2013 இல் மடு வரைக்கும், 2015 இல் தலைமன்னார் வரைக்கும் மீண்டும் திறக்கப்பட்டது.

செட்டிகுளம் என்றவுடன் வெளிநாட்டார் பலருக்கு நினைவில் எழுவது மெனிக் பாம் முகாமே. 2009 இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே அடைபட்டிருந்தனர். 2012 இலேதான் அது மூடப்பட்டது. அத்துயரம் தனியே எழுதப்படவேண்டியது. இம்முறை நாம் நாடிச் சென்றது வயலையும் குளத்தையும் ஆகும்.

“இயற்கை விவசாயம்”, “உள்ளூர் உணவு” என்னும் சொற்கள் இந்நாளில் எங்கும் ஒலிக்கின்றன. அவை நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் உண்மையில் எவ்வளவு நன்மை செய்கின்றன என்பதை அளப்பது எங்ஙனம்? குளக்கட்டிலே நின்று நாம் இதனையே சிந்தித்தோம்.

குளம் என்பது தனித்து நிற்பதன்று. மேற்குளத்து வயலில் வடியும் நீர் கீழ்க்குளத்தைச் சேரும். அதன் வயலில் வடிவது அடுத்த குளத்தைச் சேரும். இலங்கையின் வரண்ட வலயத்திலுள்ள இத்தொடர்க்குள முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இதிலே ஒரு சூட்சுமம் உண்டு: மேல் வயலிலே அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவின் கணக்கு அவ்வயலில் தெரியாது. கீழ்க்குளத்து நீரிலும், அதன் அருகிலுள்ள கிணற்றிலுந்தான் தெரியும். ஆகவே அளப்பவர் கடைசிக் குளத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

நிற்க. நெல் வயல் நாம் நினைப்பதுபோல் முற்றிலும் குற்றமற்றதன்று. நீர் இடையறாது தேங்கி நிற்கும் மண்ணிலே காற்றுப் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைத் தரும். மட்காத வைக்கோலை அப்படியே உழுது நீர் கட்டினால் மீதேன் இன்னும் பெருகும். மட்கவைத்து இட்டால் அவ்வளவு தோன்றாது. “இயற்கைப் பசளைதானே!” என்று கண்ணை மூடிக்கொள்ள இயலாது.

இதற்கு ஒரு வழியைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கூறுகின்றனர். துளையிட்ட குழாயொன்றை வயலிலே புதைத்து, நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பின்னரே மீண்டும் நீர் பாய்ச்சவேண்டும். பூக்கும் காலத்தில் மாத்திரம் நீர் குறையலாகாது. இதனால் மீதேன் ஏறத்தாழ அரைவாசியாகும்; நீரும் 30 சதவீதம் வரையில் மிஞ்சும். காலபோகத்து மழையை நம்பிச் சிறுபோகத்துக்கு ஏங்கி நிற்கும் கமக்காரனுக்கு, மீதேனைவிட அந்த மிஞ்சிய நீரே பெரிது.

உள்ளூர் விநியோகத்தின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. செட்டிகுளத்திலிருந்து வவுனியா 30 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ மரக்கறியுடன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்று திரும்பினால், லீற்றருக்கு 40 கிலோமீற்றர் வீதம் ஒன்றரை லீற்றர் பெற்றோல் செலவாகும். லீற்றருக்கு 2.3 கிலோ கரியமில வாயு. ஆகவே மரக்கறி ஒரு கிலோவுக்கு 170 கிராமுக்குச் சற்று மேல். 5,000 கிலோ ஏற்றிய லொறி 250 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பை அடைந்து வெறுமனே திரும்பினாலும், லீற்றருக்கு 5 கிலோமீற்றர் வீதம் 100 லீற்றர் டீசலே. கிலோவுக்கு 54 கிராம்தான்! தூரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம் என்பது இதனாற் புலப்படும். பத்துப் பேரின் விளைச்சலை ஒரே வண்டியில் ஏற்றினால் உள்ளூர் உணவே வெல்லும். அமெரிக்காவில் வெபர், மத்தியூஸ் என்னும் ஆய்வாளர் 2008 இல் வெளியிட்ட கணக்கின்படியும், உணவினால் எழும் வெப்பவாயுக்களில் 83 சதவீதம் விளைவிக்கும்போதே தோன்றுகின்றது; கடைவரை கொண்டுசெல்லும் கடைசிப் பயணத்தின் பங்கு 4 சதவீதமே.

அளவாது கணக்காது கட்டளையிட்டதன் பயனை நாம் 2021 இல் கண்டோம். அவ்வாண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் அத்தடையைக் கைவிட்டது. இடையிலே காலபோகம் கெட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. வெளிநாட்டிலிருந்து அரிசி கப்பலேறி வந்தது. ஏக்கருக்கு எவ்வளவு மாசு என்று மட்டும் பார்த்தால் அது வெற்றியாகத் தோன்றும். மூடைக்கு எவ்வளவு என்று கேட்டால், கப்பலின் எண்ணெயையும் கமக்காரன் வீட்டுப் பட்டினியையும் சேர்த்தன்றோ எழுதவேண்டும்?

செட்டிகுளத்தாருக்கு இவ்விடயத்திலே கைவந்த பயிரொன்று உண்டு; அது உழுந்து. மேட்டுநிலத்தில் மழையைக் கொண்டே விளையும். தேங்கிய நீர் வேண்டாததால் மீதேன் இல்லை. வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே நைதரசனைப் பெற்றுத் தருவதால் யூரியாவும் அதிகம் வேண்டாம். நமது தோசைக்கல்லுக்கு இவ்வளவு சிறந்த துணை வேறில்லை என்றே சொல்வோம்.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பாடசாலை மாணவர்கள் ஒரு கொப்பியிலே, எத்தனை நாள் துருசு திறந்தது, எத்தனை அந்தர் பசளை இட்டது, எத்தனை லீற்றர் எண்ணெய் எரிந்தது, எத்தனை மூடை கண்டது என்று இரண்டு போகங்களுக்குக் குறித்துவரட்டும். பம்பைமடுவிலே வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது; அக்கொப்பியை அங்கே கொண்டுசெல்ல பஸ் வண்டியும் அதே வீதியில் ஓடுகின்றது.