கணினி படித்தால் கணிதம் வேண்டாவா?

பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்துவிட்டால் எங்கள் சின்னக்கானலில் ஏலக்காய் விலையைப் பற்றிய பேச்சுங்கூடச் சற்று ஓய்ந்துவிடும். லயத்து வாசல்தோறும், “உங்கள் பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்க்கப் போகிறீர்கள்?” என்னும் கேள்வியே எழும். இவ்வாண்டு எங்கள் இளைய மகன் தேறியிருக்கிறான். அவனுக்காக அக்ஷயா மையத்தின் வரிசையில் நின்றபோது, 2019ஆம் ஆண்டில் மூத்த மகளின் பொருட்டு நாங்கள் செய்த பிழை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களில் வேறெவரும் அதனைச் செய்தல் கூடாது என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

மகளுக்குக் கணினி என்றால் உயிர். கணிதம் என்றால் காய்ச்சல். தமிழ்வழியில் படித்தவளாதலால் மேல்நிலைப் படிப்பிற்குப் போடிநாயக்கனூரில் பாட்டி வீட்டில் விட்டோம். அங்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் என்னும் நான்கும் சேர்ந்த பிரிவு ஒன்று கிடைத்தது. கணிதம் அதில் இல்லை. “கணினியும் ஒருவகைக் கணக்குத்தானே, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்” என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விதியைப் படித்துப் பாராதவர்கள் நாங்களே. பள்ளி மாறியதற்கு மகள் அழுதாள். கணிதம் போனதற்கு அழவில்லை.

இரண்டாண்டு கழித்துப் பொறியியல் விண்ணப்பத்தைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் தரவரிசைக்குரிய இருநூறு மதிப்பெண்ணில் கணிதத்திற்கு மட்டும் நூறு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கணினி அறிவியலுக்கு அங்கே இடமே இல்லை. கேரளத்து விதி சற்றே இளகியது. வேதியியல் படிக்காத மாணவர்க்கு அதற்கு ஈடாகக் கணினி அறிவியலின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ள அது இடந்தருகிறது. ஆனால் கணிதத்திற்கு ஈடாக எதனையும் ஏற்பதில்லை. எங்கள் மகளிடம் வேதியியலும் இருந்தது, கணினியும் இருந்தது. வேண்டிய ஒன்று மட்டும் இல்லை.

அதே 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பதினான்கு பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஏதேனும் மூன்றைப் படித்தவர் பொறியியலில் சேரலாம் என்றது; கணினி அறிவியலும் அப்பட்டியலில் இருந்தது. செய்தித்தாளைக் கையில் ஏந்தி நாங்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அது சில நாள்கூட நிலைக்கவில்லை. கல்வியாளர் பலர் எதிர்த்தனர்; மாநிலங்களையும் பல்கலைக்கழகங்களையும் அது கட்டுப்படுத்தாது என்று குழுவே விளக்கம் தந்தது. அடுத்த ஆண்டு அச்சலுகை கட்டடக்கலை போன்ற சில துறைகளுக்கென்று சுருங்கிவிட்டது. மகள் வேறு பட்டப்படிப்பில் சேர்ந்தாள். எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நலமாயிருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

கணினியைக் கணிதமாகக் கொள்ளலாகாதா என்னும் வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2013ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளியின் மேம்பட்ட கணினிப் பாடத்தைக் கணிதக் கணக்கிலோ அறிவியல் கணக்கிலோ சேர்க்கலாம் என்று சட்டம் இயற்றிற்று. ஆயினும் கணிதக் கணக்கில் சேர்ப்பதற்கு இயற்கணிதத்தின் இரண்டாம் பாடத்தை மாணவர் படித்திருத்தல் அல்லது உடன் படித்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. கணிதத்தைக் கைவிட்டவனுக்கு அச்சலுகை இல்லை என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மத்திய வாரியமாகிய சி.பி.எஸ்.இ.யிலோ பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறிய மாணவன், ஆறாம் பாடமாகத் தகவல் தொழில்நுட்பம் போன்ற திறன் பாடத்தை எடுத்துத் தேறியிருந்தால், அதனைக் கணிதத்தின் இடத்தில் வைத்துத் தேர்ச்சி தருகிறார்கள். தவறி விழும் பிள்ளையைத் தாங்குகிற கை அது, நல்லதே. ஆனால் தாங்குகிற கையை ஏணி என்று எண்ணிவிடலாகாது.

இதற்கெல்லாம் காரணம் என்னவென்று எங்களுக்கு விளக்கியவள் அதே மகள்தான். கேரளப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடம் என்பது தெரிந்ததே. அதில் பைத்தான் மொழி கற்ற தம்பி, இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி காணும் நிரல் ஒன்றை எழுதிக் காட்டினான். எண்பத்து நான்கையும் முப்பத்தாறையும் கொடுத்தான். பன்னிரண்டு என்று திரையில் விழுந்தது. “நான் கணிதத்தையே எழுதிவிட்டேன், பிறகு கணிதம் எதற்கு?” என்று கேட்டான்.

“அது எப்படி வந்தது?” என்றாள் அக்காள்.

“எண்பத்து நான்கை முப்பத்தாறால் வகுத்தால் மீதி பன்னிரண்டு. முப்பத்தாறைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே பன்னிரண்டு.”

“கடைசியில் மீதி இல்லாமல் வகுத்த எண்தான் விடை என்பதற்கு என்ன உறுதி?”

பையன் விழித்தான். இரண்டு எண்களையும் எந்த எண் மீதியின்றி வகுக்கிறதோ, அது அவற்றின் மீதியையும் வகுத்தே தீரும்; ஆதலால் பெரிய எண்களைத் தள்ளிவிட்டுச் சிறியவற்றைப் பிடித்துக்கொண்டு போனாலும் பொது வகுத்தி மாறுவதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யூக்ளிடு எழுதி வைத்த முறை அது என்றும் சொன்னாள். கணிதம் என்றால் காய்ச்சல் கண்டவள், அதனை இழந்தபின் தானே தேடிப் படித்திருக்கிறாள்! எங்களுக்குத் தெரியாது.

கேரள மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் கணினி அறிவியல் பெரும்பாலும் கணிதத்தோடு சேர்ந்தே வருகிறது. வணிகப் பிரிவில்தான் நான்காம் பாடமாகக் கணினிப் பயன்பாடு ஒரு தொகுதியிலும் கணிதம் வேறொரு தொகுதியிலும் இருக்கும். பெற்றோர் இடறுவது அவ்விடத்தில். பாலிடெக்னிக்கில் சேர்ந்து, பிறகு பொறியியலின் இரண்டாம் ஆண்டிற்குப் போகும் வழியும் உண்டு. ஆனால் அங்கும் முதல் பருவத்திலேயே கணிதம் காத்திருக்கும்.

அக்ஷயா மையத்துத் திரையில் பள்ளிகளையும் பாடத் தொகுதிகளையும் மகளே வரிசைப்படுத்தினாள். கணிதமும் கணினியும் சேர்ந்த அறிவியல் முதலில். கணிதத்தோடு கூடிய வணிகம் அடுத்து. கணிதம் இல்லாத தொகுதி ஒன்றைத் தம்பி நுழைக்கப் பார்த்தான்; அவள் அதனை நீக்கிவிட்டாள். மழையில் மின்சாரம் இருமுறை நின்று வந்தபின் விண்ணப்பம் பதிவாயிற்று. முதல் அலாட்மெண்டை எதிர்பார்த்திருக்கிறோம்.