ஜாமீன் கிடைத்த பிறகு

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குமாஸ்தா வேலை எனக்கு. ஜாமீன் கிடைத்ததும் வெளியே நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். ஜாமீன்தாரர்கள், ஆதார், சொத்துவரி ரசீது. இனிஷியல் மாறியிருந்தாலே சிக்கல். நேற்று ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டி, ஒவ்வொன்றுக்கும் "இது சரிங்களா சார்?" என்று கேட்டார். உள்ளே இருப்பது அவர் மகன்.

ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் தர முடியாதவர்களுக்கு, நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாகப் பரிசீலிக்கலாம் என்கிறது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. மனசுக்கு ஆறுதலான உத்தரவு. ஆனால் அந்த வழக்குக் கட்டைத் தேடியெடுத்து நீதிபதியின் மேசையில் வைக்க ஆள் வேண்டுமே! அது எங்கள் வேலை. வெள்ளிக்கிழமை மாலை வரும் உத்தரவுகளை அன்றே முடித்து அனுப்பத்தான் பார்க்கிறேன். திங்களுக்குத் தள்ளினால் அந்தப் பையனுக்கு இன்னும் மூன்று இரவு சிறையில்.